இரண்டு முனையும் மண்ணுக்குள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே போர்வைக்குள் இருந்தபோது நம் சின்ன மாப்பிள்ளை குழிக்குள் இருந்தான்.

போன வாரம் படித்தவர்களுக்கு அது என்ன குழி என்று தெரியும். படிக்காதவர்களுக்கும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மாமனார் விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளத்தில் அவருடைய மூத்த மகள் பெரியவளும் அவள் கணவர் டிரைவிங் மாஸ்டரும். மாடியில் இளைய மகள் சின்னவளும் அவள் கணவனான நம் சின்ன மாப்பிள்ளையும். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். அதில்தான் சின்னவள் நீச்சல் வகுப்பு நடத்தி வந்தாள். ஒரு மாதமாகக் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. மோட்டார் ஓடும்போதெல்லாம் பூமிக்கடியில் எங்கோ பைப் கசிந்து, பெரியவளின் படுக்கையறைச் சுவர் இடுப்புயரத்துக்கு ஊறிவிட்டது.

பெயின்ட் உரிந்து தலையணை மேல் விழுந்த அன்று பெரியவள் பொறுமை இழந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மோட்டார் ஓடணும், மண்ணு நனையக் கூடாது. இல்லைன்னா லாரியில மண்ணு வந்து இறங்கும். குளத்தை மூடிட்டு நிம்மதியா தூங்குவேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் லாரிக்காரரிடமும் பேசி வைத்துவிட்டாள்.

வந்து பார்த்த பிளம்பர்கள், குளத்தைச் சுற்றியுள்ள டைல்ஸ் அத்தனையையும் உடைத்தால்தான் ஆகும் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். உடைக்கப் பெரியவள் சம்மதிக்கவில்லை. அதனால்தான் சின்ன மாப்பிள்ளை தானே கடப்பாரையைத் தூக்கினான்.

அவனுக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து முடுக்கிப் பழகிய கை. கடப்பாரையைப் பிடித்த அரை மணி நேரத்தில் அந்தக் கையில் கொப்புளம் வந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தோண்டினான். குளத்தின் மூலையில், டைல்ஸ் ஓரத்தில், மண் எங்கே சொதசொதவென்று இருந்ததோ அங்கே தோண்டினான். மண்டி போட்டால் மார்பு மறையும் ஆழத்தில் பைப் தென்பட்டது. மோட்டார் ரூமிலிருந்து வந்த பைப், குளத்துச் சுவரை நோக்கித் திரும்புகிற இடத்தில் இருந்த எல்போ என்கிற வளைவுத் துண்டில் மயிரிழை போல ஒரு விரிசல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். விரிசல்தான்.

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான்.

மாடி ஜன்னலில் சின்னவள் முகம் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவனுக்குக் குளம் பெரிதில்லை. தண்ணீர் குறைய ஆரம்பித்த அதே வாரத்தில்தான் சின்னவள் ஆளே மாறிப்போனாள். தண்ணி பத்தாது என்று வகுப்பை நிறுத்தினாள். சோற்றில் கையை அளைந்துகொண்டு உட்கார்ந்தாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தண்ணீரில் இறங்கினால் வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள். கல்யாணமான புதிதில் அவனுக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். பயந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டவனை அந்த வருஷம் முழுக்கக் கேலி செய்தவள். குளம் நிறைந்தால் அவளும் பழையபடி ஆகிவிடுவாள், குளத்தை மூடினால் இப்படியே உறைந்து போய்விடுவாள். இதுதான் அவன் போட்ட கணக்கு. இந்தக் கணக்குக்காகத்தான் அவன் உயிரைக் கொடுத்துத் தோண்டினான்.

ஹாக்ஸா பிளேடால் விரிசல் விழுந்த எல்போவை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தான். புது எல்போ, இணைக்கிற கப்ளிங், பசை டப்பா எல்லாம் தயாராக இருந்தன. பழகாத கை என்று தனக்கே தெரிந்ததால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கி வைத்திருந்தான்.

அங்கேதான் வந்தது வினை.

புது எல்போவை ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் இடித்தது. அந்தப் பக்கம் செருகினால் இந்தப் பக்கம் இடித்தது. கால் அங்குலம் பைப்பைப் பின்னால் தள்ளினால் போதும், நுழைந்துவிடும். ஆனால் பைப் அசைய வேண்டுமே! இரண்டு முனையும் மண்ணுக்குள் இறுகிக் கிடந்தன. தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், கெட்ட வார்த்தை சொல்லியும் பார்த்தான். அசையவில்லை.

மேலே நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. அந்த நிழலின் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. கார் பழகுகிறவர் வண்டி ஓட்டும்போது தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து மாஸ்டருக்கு அது பழக்கமாகிவிட்டது. யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று பிரேக் போடுவார்.

மாஸ்டரும் அவனும் சகலைகள். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவரிடம்தான் அவன் கார் ஓட்டப் பழகினான். சோதனை ஓட்டம் அன்று, "இவருக்கு இன்னும் கை வரலை சார். இப்ப லைசென்ஸ் குடுத்தா ரோட்டுல போறவங்க பாவம்" என்று அதிகாரியிடம் மாஸ்டரே சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால்! அன்றோடு சரி. ஒரே கேட், ஒரே தண்ணீர் தொட்டி, ஆனால் ஒரு வார்த்தை நேராகக் கிடையாது. என்ன பேசுவதென்றாலும் நடுவில் சின்னவள் நிற்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அவள் வந்தால்தான் பேச்சு.

இப்போதும் மாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மாடி, கொஞ்சம் இங்க வா" என்றார்.

சின்னவள் வந்தாள். டைல்ஸ் ஓரத்திலேயே நின்றுகொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லு. ரெண்டு பக்கமும் பைப் இறுகிக் கெடக்கு. வளைஞ்சு குடுத்தாத்தானே நுழையும்? குழி நீளம் பத்தாது."

"ஏங்க, குழி நீளம் பத்தாதாம்."

"எனக்கும் காது இருக்குன்னு சொல்லு."

"அவருக்கும் காது இருக்காம் அத்தான்."

"கண்ணும் இருக்கான்னு கேளு. கடையில ஊருக்கெல்லாம் பார்வை பாக்கறாரே!"

சின்ன மாப்பிள்ளைக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது. மோட்டார் ரூம் பக்கமாகக் குழியை நீட்டி, பைப்பை நீளமாக வெளியே எடுத்தால் அது கொஞ்சம் வளையும். வளைந்தால் நுழையும்.

"தோண்டறேன்னு சொல்லு. வால்வும் மோட்டாரும் அவர் பொறுப்புன்னு சொல்லு. நான் சொல்லாம யாரும் சுவிட்சுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். மாஸ்டர் வீட்டு மூலையைத் திரும்பி மோட்டார் ரூமுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் குழி தெரியாது.

தோண்டத் தோண்ட அவனுக்குள் வேறொரு எண்ணம் குடையத் தொடங்கியது. குளத்தை மூடினால் லாபம் யாருக்கு? மாஸ்டருக்குத்தான். ரிவர்ஸ் எடுத்துப் பழக இடமில்லாமல் அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார்கள் தெருவில் நின்று பக்கத்து வீட்டாரிடம் ஏச்சு வாங்குகின்றன. குளத்தை மூடினால் வீட்டுக்குள்ளேயே மைதானம். அப்படிப்பட்ட ஆளையா மோட்டார் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்? ஆனால் குழியிலும் மோட்டார் ரூமிலும் ஒரே ஆள் இருக்க முடியாதே.

இரண்டு டைல்ஸைப் பெயர்க்காமல், அவற்றின் அடியிலேயே மண்ணைப் பறித்துப் பொந்து மாதிரி நீட்டினான். மேலே டைல்ஸ் தொங்கிக்கொண்டு நின்றது. பழகிய ஆள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார். டைல்ஸ் உடைந்தால் பெரியவள் சும்மா விடமாட்டாளே என்ற பயம் அவனுக்கு.

வெயில் ஏறியது. சின்னவள் சொம்பில் மோர் கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் உக்காருங்க. கையைப் பாருங்க, தோலே இல்ல."

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. இன்னிக்கு ஒட்டிட்டா நாளைக்குத் தண்ணி விட்டுரலாம். புதன்கிழமையே கிளாஸை ஆரம்பிச்சுடு. உன் பசங்கல்லாம் எங்க மிஸ் எங்கன்னு தேடிக்கிட்டிருக்கும்."

அவள் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க இப்படி உயிரை விடறீங்க? போனா போகட்டும், மண்ணைப் போட்டு மூடட்டுமே."

"என்ன பேசறே? உனக்காகத்தானே எல்லாம்?"

"எனக்காகன்னு நான் கேட்டேனா?"

அவன் சிரித்தான். களைத்துப்போய்ப் பேசுகிறாள் என்று நினைத்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் உதடு துடித்தது தெரிந்திருக்கும். அவன் மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் பொந்துக்குள் தலையை விட்டுவிட்டான். ஊராருக்கெல்லாம் பார்வை பார்ப்பவன்!

பைப் ஒருவழியாக அசைந்தது. துணியால் ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசையைத் தடவி, பைப்பை மெல்ல வளைத்து எல்போவைச் செருகினான். நுழைந்தது! அந்தப் பக்கம் கப்ளிங்கும் பொருந்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்திருந்தான். கையை எடுத்தான். நின்றது.

"அம்மா தாயே, பொழைச்சேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். பிறகு குரல் கொடுத்தான். "ஏய், இங்க வா! ஒட்டிட்டேன். இந்தப் பசை நல்லா காயணும். சாயங்காலம் வரைக்கும் மோட்டார் போடக் கூடாது. போய்ச் சொல்லு."

சின்னவள் ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிஜமாவே ஒட்டிடுச்சா?"

"கல்லு மாதிரி. இனி உன் குளம் உனக்குத்தான். போய்ச் சொல்லு, போ."

அவள் போனாள்.

அவன் குப்புறப் படுத்துப் பொந்துக்குள் தலையையும் தோளையும் நுழைத்தான். மூட்டின் அடிப்பக்கத்தில் பசை சரியாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக்கும் பைப்புக்கும் ஒரு சாண்கூட இல்லை.

முதலில் பைப்புக்குள் ஏதோ உறுமியது. அது என்னவென்று அவன் மூளைக்கு எட்டுவதற்குள் எல்போ துள்ளிக் கழன்று அவன் நெற்றியில் மோதியது. முழு வேகத்தில் தண்ணீர் முகத்தில் அறைந்தது. கண்ணாடி போன இடம் தெரியவில்லை. வாயைத் திறந்தால் சேறு. பின்னால் நகரப் பார்த்தான். அதற்குள் ஈரமான மண் சரிந்து, தொங்கிக்கொண்டிருந்த டைல்ஸ் பலகை அவன் முதுகின் மேல் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கன்னத்துக்கு ஏறியது. காதுக்கு ஏறியது. மூக்குக்கு ஏறினால் கதை முடிந்தது.

அந்த நேரத்தில் மானமாவது ரோஷமாவது! இரண்டு வருஷமாக அவன் வாயில் வராத வார்த்தை தானாக வந்தது.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! அண்ணே!"

மோட்டார் சட்டென்று நின்றது. ஓடி வரும் காலடி கேட்டது. யாரோ குழிக்குள் தொப்பென்று குதித்தார்கள். முதுகிலிருந்து கனம் விலகியது. இரண்டு கைகள் அவன் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டன.

அவன் மல்லாந்து படுத்து இருமினான். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு மாஸ்டரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டுப் பெரியவள் வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயையோ, நெத்தியில ரத்தம்! என்ன ஆச்சு தம்பி?"

உயிர் வந்ததும் முதலில் வந்தது கோபம்தான். எழுந்து உட்கார்ந்தான். டைல்ஸ் ஓரத்தில் வந்து நின்ற மனைவியைப் பார்த்து, மாஸ்டருக்குக் கேட்கும்படி கத்தினான்.

"சொல்லு அவர்கிட்ட! காரு பழக இடம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாம்னு சொல்லு! இதுக்காக ஆளைக் கொல்ல வேண்டாம்னு சொல்லு!"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லுடி!"

"என்ன தம்பி பேசறீங்க?" என்று பெரியவள் சீறினாள். "இப்பத்தானே மனுஷன் குதிச்சு உங்களைத் தூக்கினாரு? இவருக்கு எதுக்கு உங்க இடம்?"

மாஸ்டர் பேசியிருந்தால் அவன் பதிலுக்குப் பேசியிருப்பான், கை நீட்டினாலும் நீட்டியிருப்பான். அவர் குழிக்குள்ளேயே நின்று சேற்றில் துழாவி எதையோ எடுத்தார். அவனுடைய கண்ணாடி. சட்டை நுனியில் துடைத்து, அவன் கைக்கெட்டும் இடத்தில் டைல்ஸ் மேல் வைத்தார். பிறகு வாளியை எடுத்துக் குழியிலிருந்த தண்ணீரை இறைத்துக் கொட்ட ஆரம்பித்தார்.

பெரியவளின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"லாரிக்காரர்தான். முன்னாடியே கெளம்பிட்டாராம். கொஞ்ச நேரத்துல வந்துருவாராம். என்ன சொல்லட்டும்?"

"வரட்டும்" என்றான் சின்ன மாப்பிள்ளை. நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். "வர்றதுக்குள்ள மறுபடியும் ஒட்டறேன். ஒட்டி நிக்குதுன்னா, காயற வரைக்கும் நீங்க பொறுத்துக்கணும் அண்ணி. அவ்வளவுதான் கேக்கறேன்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். "சரி, பாக்கலாம்" என்று பெரியவள் வாசல் கேட் பக்கம் போனாள்.

இரண்டாவது எல்போ இருந்தது, கப்ளிங் இருந்தது. ஆனால் இந்தத் தடவை வேலை கடினம். பழைய பசை ஒட்டிய நுனிகளை அறுத்துத் தள்ள வேண்டியிருந்தது. இடைவெளி பெரிதாகிவிட்டது. நடுவில் வைக்க வெட்டிய பைப் துண்டு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டதால் பைப்பை முன்னைவிட அதிகமாக வளைத்தால்தான் நுழையும். நுழைந்த பிறகும் பசை இறுகும் வரை இருவர் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் துள்ளிக் கழன்றுவிடும்.

இருவர் வேண்டும். குழிக்குள் இருவர் இருந்தார்கள்.

அவன் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மாஸ்டர் கேட்காமலே மறுபக்கத்தைப் பிடித்தார். பசை தடவினார்கள். அவன் தலையாட்டினான். இருவரும் மூச்சை அடக்கி வளைத்தார்கள். எல்போ உள்ளே போனது. பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் நெருக்கம். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தான். புருவமெல்லாம் நரைத்திருந்தது.

பைப் கையை எதிர்த்துத் திமிறியது. கொப்புளம் உடைந்த கையில் பசை பட்டுக் காந்தியது.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?" என்றார் மாஸ்டர்.

அவன் பழக்க தோஷத்தில் மேலே மனைவியைப் பார்த்தான். பிறகுதான் உறைத்தது. அவர் அவனிடமே கேட்டிருக்கிறார்.

"கொஞ்ச நேரம். நான் சொல்றேன்" என்றான். சொன்னதும் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "ஏன் அப்படிப் பண்ணீங்க? போடக் கூடாதுன்னு அவ்வளவு தெளிவா சொல்லி அனுப்பினேனே!"

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"போடக் கூடாதுன்னா?"

"ஆமா. சாயங்காலம் வரைக்கும்."

"தம்பி, எனக்கு வந்த சேதி அது இல்ல. ஒட்டியாச்சு, மோட்டாரை முழுசாப் போட்டுப் பாக்கச் சொன்னாருன்னு வந்துச்சு. போட்டேன்."

இருவரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள்.

சின்னவள் குளத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நேரமும் அவள் குளத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீயா?" என்றான். "நீயா மாத்திச் சொன்னே?"

"உங்களுக்கு அடிபடும்னு சத்தியமா நினைக்கலீங்க. பசை விட்டுரும், அப்புறம் நீங்களே வேண்டாம்னு விட்டுருவீங்கன்னுதான்..." அவளுக்கு அழுகை முட்டியது. "நீங்க புதன்கிழமையே கிளாஸ்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"ஏன்? குளம் இருக்கணும்னுதானே நான்..."

"எனக்குத் தண்ணின்னா பயமா இருக்குங்க."

நீச்சல் சொல்லித் தருகிறவள் சொன்னாள் இதை. அவன் விளங்காமல் பார்த்தான்.

"கடைசி கிளாஸ் அன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு ஆழமான பக்கம் போயிட்டா. அடியில போயிட்டா. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். குதிக்கணும்னு தெரியுது. ஆனா காலு வரலை. என் காலு தரையோட ஒட்டிக்கிச்சு. நான் குதிக்கலீங்க. அத்தான்தான் சட்டையோட குதிச்சுத் தூக்கினாரு. பொண்ணு பொழைச்சுக்கிச்சு. ஆனா நான் குதிக்கலை."

அவன் கைகள் பைப்பிலேயே இருந்தன. ஒரு மாதம்! ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் பலகாரம் தின்று, ஒரு மாதமாக அவளுக்குள் இது இருந்திருக்கிறது. தண்ணீர் குறைந்ததால் வாடினாள் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். குறைந்த தண்ணீர்தான் அவளுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தையும் அடைக்கத்தான் அவன் காலையிலிருந்து கை தேயத் தோண்டினான்.

மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே! அவ புருஷன் நான். எப்படியாவது சொல்லியிருக்கலாமே!"

மாஸ்டர் பைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்படித் தம்பி சொல்றது? உங்ககிட்ட எது சொல்லணும்னாலும் அவ வழியாத்தானே சொல்லணும்."

கேட்டுக்கு வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது.

"விட்டுராதீங்க" என்று மாஸ்டர் அவசரமாகச் சொன்னார். "இன்னும் கொஞ்சம்தான். இப்ப விட்டா கழண்டுரும். வேற எல்போவும் இல்ல."

சின்ன மாப்பிள்ளை கையை எடுத்தான். பைப் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. எல்போ சேற்றில் விழுந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பசையும் மண்ணும் ரத்தமுமாகக் குழியிலிருந்து ஏறி அவள் எதிரில் போய் நின்றான். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

"மூடிடலாமா?" என்றான். "நீ மூடுன்னா மூடிடலாம். உன் வாயால சொல்லு."

அவள் அவன் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். குழிக்குள் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள்.

"மூடினா என் பயம் போயிருமா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லாரிக்காரர் கேட்டைத் திறக்கச் சொல்றார்!" என்று வாசலிலிருந்து பெரியவள் கத்தினாள். "திறக்கட்டுமா, வேண்டாமா? யாராவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்!"

சின்னவள் வாசல் பக்கம் போகவில்லை. மெல்லத் திரும்பி, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, குளத்தைப் பார்த்து நின்றாள்.